திறந்த வாசல்

உண்மையைத் தேடி ஒருவன் புறப்படும்போது அவன் முதலில் சந்திப்பது பெரும்பாலும் நூலையோ உபதேசத்தையோ அல்ல, ஒரு வாசலைத்தான். அந்த வாசலில் அவனை எதிர்கொண்டவர் யார், எத்தகைய முகத்தோடு எதிர்கொண்டார், அமரச் சொன்னாரா, பசியை விசாரித்தாரா என்பவையெல்லாம் அவன் பின்னர் கேட்கவிருக்கும் உபதேசம் முழுவதற்கும் முன்னுரையாகிவிடுகின்றன. முன்னுரை கசந்துபோனால் நூலை மேற்கொண்டு படிப்பவர் சிலரே.

கடோபநிஷதம் இதை அழகாக உணர்த்துகிறது. நசிகேதன் எமனின் இல்லத்தை அடைந்தபோது எமன் அங்கே இல்லை. மூன்று இரவுகள் அச்சிறுவன் உணவின்றிக் காத்திருந்தான். திரும்பி வந்த எமன் உடனே ஆத்ம வித்தையைப் போதிக்கத் தொடங்கவில்லை. அதிதி பட்டினி கிடந்ததற்கு வருந்தி, அவனை வணங்கி, ஓர் இரவுக்கு ஒரு வரமாக மூன்று வரங்களை அளித்தான். ஆத்ம வித்தை மூன்றாம் வரமாகவே வந்தது. தேடி வருபவன் முதலில் அதிதி; பிறகுதான் மாணவன் என்ற ஒழுங்கு இங்கே தெளிவாகிறது.

கிறிஸ்தவ மரபும் இவ்வொழுங்கைத் தனக்கே உரிய வழியில் கண்டறிந்து காத்து வந்துள்ளது. சிலர் ஓர் இல்லத்தில் கூடி, வேதம் படித்து, ஜெபித்து, ஒருவர் நிலையை மற்றவர் விசாரித்து வாழும் சிறு குழு அம்மரபில் மிகப் பழமையானது. அத்தகைய குழுவின் வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு சாதகன் வரும்போது அவனை எப்படி வரவேற்பது? இக்கேள்விக்கு அம்மரபின் பெரியோர்கள் வாழ்ந்து காட்டிய விடைகளை ஆராய்வது எல்லா ஆன்மிகக் குழுக்களுக்கும் பயன் தரும்.

விருந்தினராக வந்த குரு

லூக்கா எழுதிய நற்செய்தியை விருந்துகளின் வரிசை என்றே சொல்லிவிடலாம். அதில் ஏசுநாதர் பெரும்பாலும் விருந்தளிப்பவராக அல்ல, விருந்தினராகவே காட்சி தருகிறார். வரி வசூலிப்பவனாகிய லேவியின் வீட்டில் உண்கிறார். ஊரார் வெறுத்த சக்கேயுவிடம், அவன் அழைப்பதற்கு முன்பே, அவன் இல்லத்தில் தங்கப் போவதாகத் தாமே கூறுகிறார். பிறர் வீட்டில் விருந்தினராக இருக்கத் தெரிந்தவருக்கே பிறரை வரவேற்கவும் தெரியும் என்பது இதில் அடங்கியுள்ள முதற்பாடம்.

இரண்டாம் பாடம் சீமோன் என்ற பரிசேயரின் வீட்டில் கிடைக்கிறது. அவர் ஏசுவை விருந்துக்கு அழைத்தார். ஆனால் கால் கழுவ நீர் தரவில்லை, முத்தமிட்டு வரவேற்கவில்லை, தலைக்கு எண்ணெய் பூசவில்லை. வந்தவரைச் சோதித்தறிவதே அவர் மனத்தில் மேலோங்கி நின்றது. ஊரால் இகழப்பட்ட ஒரு பெண்ணோ அழைப்பின்றி உள்ளே வந்து, தன் கண்ணீரால் அவர் பாதங்களைக் கழுவினாள். சீமோன் அழைத்தார், ஆனால் வரவேற்கவில்லை. அந்தப் பெண் அழைக்கப்படவில்லை, ஆனால் வரவேற்றாள். அழைப்பு விடுத்ததனாலேயே வரவேற்பு நிறைவேறிவிட்டதாக எண்ணும் குழுக்கள் இந்நிகழ்ச்சியை அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, மார்த்தாள், மரியாள் என்னும் சகோதரியரின் வரலாறு. மார்த்தாள் பணிவிடையில் மூழ்கிப் பதற்றம் கொண்டாள். மரியாள் விருந்தினரின் பாதத்தருகே அமர்ந்து கேட்டாள். ஏசு மார்த்தாளின் உழைப்பைப் பழிக்கவில்லை. அவளுடைய பதற்றத்தையே சுட்டினார். பண்டங்கள் பலவாகி, வந்தவரோடு அமர்ந்து பேச ஒருவரும் இல்லாமற்போனால் அந்த விருந்தில் விருந்தினரே மறக்கப்படுகிறார்.

இவை அனைத்தும் எம்மாவு என்ற ஊருக்குச் செல்லும் பாதையில் ஒன்று சேர்கின்றன. தம் குருவை இழந்து மனமுடைந்து நடந்த இரு சீடர்களோடு அறிமுகமில்லாத ஒருவர் இணைந்து நடக்கிறார். அவர் முதலில் போதிக்கவில்லை; நீங்கள் பேசிக்கொண்டு வருவது என்ன என்று கேட்கிறார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை செவிமடுக்கிறார். பிறகே மறைநூலை விளக்குகிறார். ஊர் வந்ததும் அவர்கள் வீட்டிற்குள் தாமாக நுழையாமல் அப்பால் செல்பவர்போல் காட்டிக்கொள்கிறார். அவர்கள் வற்புறுத்தி அழைத்த பின்னரே உள்ளே வருகிறார். உணவின்போது அப்பத்தை எடுத்து, ஆசி கூறி, பிட்டுக் கொடுக்கிறார். அந்தக் கணத்தில் அவர்கள் கண்கள் திறக்கின்றன. விளக்கவுரை கேட்டபோது உள்ளம் கனன்றது. ஆனால் அவரை அடையாளம் கண்டது உணவு பகிர்ந்தபோதுதான். விருந்தினராக அழைக்கப்பட்டவரே விருந்தளிப்பவராக மாறிய இந்நிகழ்ச்சி, யார் யாருக்குக் கொடுக்கிறார் என்ற கணக்கையே குலைத்துவிடுகிறது.

பெனடிக்ட் அமைத்த இரு வாசல்கள்

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் மோந்தே காசினோ மலைமீது துறவு மடம் நிறுவிய புனித பெனடிக்ட், துறவியருக்காக 73 அத்தியாயங்கள் கொண்ட ஒழுங்கு நூலை இயற்றினார். மேலைநாட்டுத் துறவு வாழ்வின் அடித்தளம் என்று போற்றப்படும் அந்நூலின் 53-ஆம் அத்தியாயம் விருந்தினரை ஏற்பது பற்றியது. வருகின்ற ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே கருதி ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். தலைவரும் சகோதரர்களும் எதிர்சென்று அழைக்க வேண்டும். தலைதாழ்த்தியோ நிலத்தில் வீழ்ந்தோ வணங்க வேண்டும். மடத்தின் தலைவரே விருந்தினரின் கைகளில் நீர் வார்க்க வேண்டும். விருந்தினருக்காகத் தலைவர் தம் உபவாசத்தையும், விசேஷ விரத நாள் தவிர, விட்டுக்கொடுக்கலாம். ஏழைகளையும் யாத்திரிகர்களையும் மிகுந்த கவனத்தோடு ஏற்க வேண்டும். செல்வர்களுக்கோ அவர்கள்மீதுள்ள அச்சமே மரியாதையைப் பெற்றுத் தந்துவிடும் என்று கூறும் இடத்தில் பெனடிக்ட்டின் உலகியல் அறிவும் வெளிப்படுகிறது.

வாயில் காப்பவரைப் பற்றியும் அவர் தனி அத்தியாயம் எழுதினார். அப்பணிக்கு அனுபவமும் விவேகமும் நிறைந்த முதியவரையே நியமிக்கச் சொன்னார். கதவு தட்டப்படும் ஒலி கேட்டவுடன் அவர் இறைவனுக்கு நன்றி கூறியோ, ஆசி வேண்டியோ பதிலளிக்க வேண்டும். தட்டியவர் யாரென்று அறிவதற்கு முன்பே நன்றி கூறுவதுதான் இதன் சிறப்பு.

ஆனால் இதே நூலின் 58-ஆம் அத்தியாயம் முற்றிலும் வேறு தொனியில் பேசுகிறது. மடத்தில் சேர விரும்பி வருபவருக்கு எளிதில் அனுமதி தரக்கூடாது. நான்கைந்து நாட்கள் அவர் வாசலிலேயே பொறுமையோடு நிற்கட்டும். பின்னர் விருந்தினர் அறையில் சில நாட்கள் தங்கட்டும். பயிற்சிக் காலத்தில் ஒழுங்கு நூல் அவருக்கு மீண்டும் மீண்டும் படித்துக் காட்டப்படட்டும். கடினங்கள் எவையென முன்னதாகவே சொல்லப்படட்டும் என்கிறது.

இது முரண்பாடு அன்று. விருந்தினருக்கான வாசல் வேறு. உறுப்பினருக்கான வாசல் வேறு. முன்னது அகலமாகத் திறந்திருக்க வேண்டும். பின்னது மெல்லத் திறக்க வேண்டும். இன்றைய குழுக்கள் பல இதை மாற்றிச் செய்துவிடுகின்றன. வந்தவரோடு முகங்கொடுத்துப் பேசத் தயங்குகின்றன; ஆனால் அவரைப் பதிவேட்டில் சேர்ப்பதற்கு விரைகின்றன. வந்தவர் தேடலில் முதிர்வதற்கு அவகாசம் தருவதும் விருந்தோம்பலின் ஓர் அங்கமே.

இன்னொரு நுட்பத்தையும் பெனடிக்ட் கண்டார். வேற்று மடத்திலிருந்து வந்து தங்கும் துறவி பணிவோடும் நியாயத்தோடும் ஏதேனும் குறையைச் சுட்டினால், இறைவன் அவரை அதற்காகவே அனுப்பியிருக்கக் கூடுமென்று தலைவர் விவேகத்தோடு ஆராய வேண்டும் என்றார். வருபவரிடம் கொடுப்பதற்கும் ஏதோ இருக்கிறது என்று நம்புவதே உண்மையான வரவேற்பு.

வெஸ்லியின் பன்னிருவர் குழு

சிறு குழு என்ற அமைப்பு புதிய வடிவம் பெற்றது 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி பிரிஸ்டல் நகரில் கட்டிய கூடத்தின்மீது கடன் இருந்தது. 1742-இல் அதைத் தீர்ப்பது பற்றிப் பேசியபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். பலர் ஏழைகள்; அவர்களால் இயலாதே என்ற தடை எழுந்தது. மிக வறிய பதினொருவரைத் தம் பொறுப்பில் விடும்படியும், அவர்களால் கொடுக்க முடியாததைத் தாமே செலுத்துவதாகவும் யோசனை கூறியவரே முன்வந்தார். அவ்வாறு பன்னிருவர் கொண்ட பிரிவுகள் தோன்றின. காசு வாங்க வீடு வீடாகச் சென்ற தலைவர்கள் அங்கே மனிதரின் துயரங்களையும் தவறுகளையும் கண்டனர். பின்னர் அனைவரும் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி, தத்தம் ஆன்ம நிலையைப் பகிர்ந்துகொள்ளலாயினர். கடன் தீர்க்கப் பிறந்த ஏற்பாடு ஆன்மாவை விசாரிக்கும் ஏற்பாடாக மலர்ந்தது.

1743-இல் வெஸ்லி வெளியிட்ட பொது விதிகளின்படி இச்சங்கங்களில் சேர முன்நிபந்தனை ஒன்றே: பாவங்களிலிருந்து விடுபட்டு மீட்படைய வேண்டும் என்ற ஏக்கம். நிறைவான நம்பிக்கை கேட்கப்படவில்லை. தேடல் இருந்தால் போதும். ஆனால் அந்த ஏக்கம் உண்மையெனில் அது தீமையை விலக்குதல், நன்மை செய்தல், வழிபாட்டில் நிலைத்தல் ஆகிய ஒழுக்கங்களில் வெளிப்பட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. ஆக, நுழைவு எளிது, பயணம் கடினம். அன்பான வரவேற்பு என்பது இலட்சியத்தைத் தளர்த்துவது அன்று என்பதை வெஸ்லியும் உணர்ந்திருந்தார்.

இந்திய மண்ணில் வட்டமேசை

இம்மெதடிஸ்ட் மரபில் வந்த அமெரிக்கர் ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் 1907-இல் இந்தியாவுக்கு வந்தார். மகாத்மா காந்தியோடு பழகிய அவர், கிறிஸ்தவம் இந்தியாவுக்கு அந்நியமாகத் தோன்றாதிருக்க என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டார். கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைப்போல் வாழட்டும், தங்கள் சமயத்தை நீர்த்துப்போகச் செய்யாமல் கடைப்பிடிக்கட்டும், அன்பை முதன்மையாக்கட்டும், பிற சமயங்களை அனுதாபத்தோடு பயிலட்டும் என்பது காந்தியடிகள் கூறிய விடையின் சாரம். 1925-இல் தாம் வெளியிட்ட நூலில் ஜோன்ஸ் இதைப் பதிவு செய்தார். அறிவுரை கேட்கும் விருந்தினராகத் தொடங்கியதே அவரது பணிக்கு வலிமை தந்தது எனலாம்.

பின்னர் அவர் பல நகரங்களில் வட்டமேசைக் கூட்டங்களை நடத்தினார். அவற்றில் இந்துக்கள், முஸ்லிம்கள் உள்ளிட்ட பிற சமயத்தவரே மிகுதி, கிறிஸ்தவர்கள் சிலரே. அங்கே வாதம் செய்வதில்லை. கொள்கைகளைப் பற்றிப் பொதுப்படையாகப் பேசுவதில்லை. தம் சமயம் சொந்த அனுபவத்தில் தமக்கு எதை அளித்துள்ளது என்பதை மட்டுமே ஒவ்வொருவரும் கூற வேண்டும். இவ்விதி அழைத்தவருக்கும் பொருந்தும். நூலறிவின் பின்னே ஒளிந்துகொள்ள எவருக்கும் வழியில்லை. கிறிஸ்துவிடம் தமக்கிருந்த முழு நம்பிக்கையை ஜோன்ஸ் ஒருபோதும் மறைக்கவில்லை. அதே சமயம் மற்றவர் பேசும்போது முழுமையாகக் கேட்டார். இவ்வனுபவங்களை 1928-இல் தனி நூலாக எழுதினார்.

1930-இல் குமாவோன் மலைப்பகுதியில், நைனிதாலுக்கு அருகேயுள்ள சாத் தால் ஏரிக்கரையில், ஓர் ஆசிரமத்தைத் தோழர்களுடன் இணைந்து அவர் தொடங்கினார். அங்கே பட்டங்களும் பதவிப் பெயர்களும் விலக்கப்பட்டன. அனைவரும் சகோதரர், சகோதரி என்றே அழைக்கப்பட்டனர். முகாமின் தொடக்கத்தில் அனைவரும் கூடி உள்ளம் திறந்து பேசுவர். ஏன் வந்தீர்கள், எதை விரும்புகிறீர்கள், உண்மையில் உங்களுக்குத் தேவை எது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் விடை கூறுவர். விருப்பமும் தேவையும் ஒன்றல்ல என்பதை மூன்றாம் கேள்வி மெல்ல உணர்த்திவிடும். துப்புரவுப் பணியாளருக்கு வாரம் ஒருநாள் ஓய்வளித்து, அந்நாளில் கழிப்பிடங்களைத் தூய்மை செய்யும் பணியை ஆசிரமவாசிகளே ஏற்றனர். சாதி வேற்றுமை ஊறிய நாட்டில், ஒன்றாக உண்பதும், இழிவெனக் கருதப்பட்ட பணியை ஒன்றாகச் செய்வதும் எந்தச் சொற்பொழிவையும் விடத் தெளிவாகப் பேசின.

தொண்டா, தூண்டிலா?

இங்கே ஒரு கடினமான கேள்வியை எதிர்கொண்டே ஆக வேண்டும். விருந்தோம்பல் என்பது மதமாற்றத்திற்கான தூண்டில்தானா? கல்வி, மருத்துவம் முதலிய தொண்டுகளை மதமாற்றத்திற்குக் கருவியாக்குவதைக் காந்தியடிகள் 1931-இல் வெளிப்படையாகக் கண்டித்தார். அக்கண்டனத்தைப் புறக்கணிப்பது எளிது. அதைக் கொண்டு தன்னைச் சோதித்துக்கொள்வதே சாதகனுக்கு அழகு.

தான் நம்பும் உண்மையைப் பிறருக்கு எடுத்துரைப்பது கிறிஸ்தவனுக்குக் கடமை. அதைக் கைவிடும்படி அவனிடம் கேட்பது நேர்மையன்று. ஆனால் எடுத்துரைப்பது வேறு. உணவையும் அன்பையும் விலையாகக் கொடுத்து இசைவு வாங்குவது வேறு. தூண்டிலில் கோத்த இரை மீனின் பசியைத் தீர்ப்பதற்காக வைக்கப்பட்டதன்று. மீன் சிக்கியதும் இரையின் வேலை முடிந்துவிடுகிறது. சிக்காமல் போனாலும் தூண்டில்காரன் அந்த மீனை மறந்துவிடுகிறான். விருந்தோம்பலைத் தூண்டிலிலிருந்து பிரித்தறியும் உரைகல் இதுவே: உடன்படாதவருக்கு அடுத்த வாரம் என்ன நேர்கிறது? பல மாதங்கள் வந்தபின், தன் பாதை வேறென்று ஒருவர் பணிவோடு கூறினால், அவருக்காக அன்றும் இலை போடப்படுமா? அவர் நோயுற்றால் எவரேனும் சென்று பார்ப்பாரா? ஆம் எனில் அது தொண்டு. இல்லையெனில் முன்பு காட்டிய அன்பும் கேள்விக்குரியதாகிறது.

ஒருவரைக் கிறிஸ்துவாகக் கருதி ஏற்க வேண்டும் என்ற பெனடிக்ட்டின் நெறி இந்தக் கறையைக் களைந்துவிடுகிறது. கிறிஸ்துவாகவே வந்தவரை எதற்காகப் பிடிக்க வேண்டும்? அவர் வந்ததே வழிபாட்டிற்கு வாய்ப்பு. வழிபாடு பயனைக் கணக்கிட்டுச் செய்யப்படுவதன்று. பயனில் பற்றின்றிப் பணி புரிதல் என்று கீதை போதிக்கும் நெறியும் இவ்விடத்தில் வந்து கைகோக்கிறது.

நடைமுறைக்குச் சில

இல்லங்களில் கூடும் குழுக்களுக்கு மேற்கூறியவற்றிலிருந்து எளிய நடைமுறைகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, வாசலில் நிற்பதை ஒருவர் தம் சாதனையாக ஏற்க வேண்டும். முதிர்ச்சி உடையவருக்கே அப்பணி தகும். புதியவரின் பெயரைக் கேட்டு, மறவாமல் வைத்துக்கொண்டு, தக்க ஒருவர் அருகே அவரை அமர்த்துவது சிறு செயல். ஆனால் தனித்து நிற்கும் சங்கடத்தைப் போக்கும் பெருஞ்செயல்.

இரண்டாவது, உணவு எளிமையாக இருக்கட்டும். எளிய உணவை யாரும் தம் வீட்டில் அளிக்க முடியும். ஆடம்பர விருந்து மற்றவரைத் தயங்க வைக்கும். புலால் உண்ணாதவர் கேட்டுப் பெறும் நிலை வரக்கூடாது. உணவின் பொருட்டு இன்னொருவரின் மனச்சான்று இடறக்கூடாது என்பது ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் அறிவுரையும் ஆகும்.

மூன்றாவது, புதியவரை வாய்விட்டு ஜெபிக்கவோ, அனுபவம் கூறவோ வற்புறுத்தலாகாது. மௌனமாக இருக்கும் உரிமையும் அவருக்கு அளிக்கும் ஆசனத்தோடு சேர்ந்ததே. குழுவுக்குப் பழகிப்போன சொற்களையும் சடங்குகளையும் ஓரிரு வாக்கியங்களில் விளக்கிவிட வேண்டும்.

நான்காவது, கேள்விக்கு விடை தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். அதனால் எவருடைய நம்பிக்கையும் குன்றிவிடாது. பொய்யான உறுதியைத் தேடுபவன் விரைவில் கண்டுகொள்வான்.

ஐந்தாவது, குழு சிறிதாக இருக்க வேண்டும். ஏறக்குறைய பன்னிருவரைக் கடந்ததும் யாரேனும் ஒருவர் பேசாதவராகிவிடுகிறார்; பேசாதவர் நாளடைவில் வராதவராகிவிடுகிறார். குழு வளர்ந்தால் இரண்டாகப் பிரிவதே நன்று.

ஆறாவது, வழியனுப்புவதும் வரவேற்பின் பகுதி. வாசல்வரை உடன் சென்று, மீண்டும் வருமாறு கூறி, வராமற்போனாலும் அவருக்காக ஜெபிப்பது நிறைவான விருந்தோம்பல்.

இவற்றைச் செய்யும்போது, வரவேற்பவருக்குள்ளே ஒரு மாற்றம் நிகழத் தொடங்குகிறது. வந்தவரின் கேள்விகள் தன் பழைய விடைகளை அசைக்கின்றன. அவரது ஏக்கம் தன் மந்தநிலையைச் சுடுகிறது. நான் கொடுப்பவன் என்ற அகங்காரம் மெல்லக் கரைகிறது. எம்மாவுச் சீடர்கள் ஒருவருக்கு இரவு உணவு அளிப்பதாக எண்ணியே கதவைத் திறந்தனர். அவர்கள் பெற்றதோ தாங்கள் இழந்துவிட்டதாக அழுத குருவை.

சிந்தனைக்கு

1. அழைப்பதற்கும் வரவேற்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சீமோனின் விருந்து எவ்வாறு உணர்த்துகிறது?

2. விருந்தினர் வாசல், உறுப்பினர் வாசல் என்ற பாகுபாடு உங்கள் சத்சங்கத்தில் காக்கப்படுகிறதா? எந்த வாசல் அங்கே அகலமாக உள்ளது?

3. கடந்த ஓராண்டில் வந்து, பின்னர் வராமற்போனவர் யார்? அவர் ஏன் வரவில்லை என்று எவரேனும் விசாரித்தார்களா?

4. சாத் தாலில் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளைத் தனிமையில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் கேள்விக்கான விடை இரண்டாவதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது?